கார் இடித்த ஷட்டர்: பட்டை மாற்றுவது எப்படி, எதைத் தொடக்கூடாது

திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக் கார் ஷெட் என்றால் பெரும்பாலும் ரோலிங் ஷட்டர்தான். பெருமாள்புரம், மகாராஜ நகர் பக்கம் புதிதாகக் கட்டிய சில வீடுகளில் பேனல் பேனலாக மடிந்து மேலே ஏறும் கதவும் வந்திருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம். இங்கே முதலில் எழுதுவது 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள, கையால் தூக்கி இறக்கும் சாதாரண ஷட்டரைப் பற்றி. ரிவர்ஸ் எடுத்த கார் பம்பரால் இடித்து, தரையிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டரை அடி வரை உள்ளே தள்ளிவிட்டது. ஷட்டரில் ஒன்றோடொன்று கோத்திருக்கும் குறுக்குத் தகடுகள்தான் பட்டை. கீழிருந்து எண்ணினால் 5 முதல் 8 வரையுள்ள பட்டைகள் அடி வாங்கியவை. ஷட்டர் முக்கால்வாசி ஏறியதும் மேல் கவரில் (ஷட்டர் சுருண்டு உட்காரும் பெட்டி) உரசி நின்றுவிடுகிறது.

இப்படி ஒரு ஷட்டரைப் பார்த்ததும், "அண்ணாச்சி, அந்த இடத்துல ரெண்டு வெல்டு வச்சிட்டாப் போதும்லா" என்று சொல்கிற ஆளை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரு பட்டை மேல் பட்டையோடு சேர்வது கொக்கி போன்ற சுருட்டு மடிப்பில்தான். அந்த மடிப்பு கீல் மாதிரி திரும்பினால்தான் ஷட்டர் உருளையில் சுற்றும். அதில் வெல்டு விழுந்தால் இரண்டு பட்டைகள் ஒரே விறைப்பான தகடாகிவிடும். சுற்றும்போது அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு கவரை இடிக்கும், பக்கத்துக் கொக்கியையும் விரித்துவிடும். உடைந்த பட்டையை நடுவில் ஒட்டுப் போடுவதும் கூடாது. பட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்பது அரசுக் கட்டட வேலை விவரக்குறிப்பிலேயே உள்ள விதி.

எதை மாற்றுவது, எதைத் தட்டி நிமிர்த்துவது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. நெளிவின் ஆழத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொக்கியைப் பாருங்கள். பட்டையின் நடுவில் உள்ள வளைவு மட்டும் அமுங்கி, மேல் கீழ் கொக்கிகள் நேராக இருந்தால் நிமிர்த்திவிடலாம். கொக்கி விரிந்திருந்தாலோ, அமுங்கி மூடியிருந்தாலோ, தகட்டில் கூர்மையான மடிப்புக்கோடு விழுந்திருந்தாலோ அந்தப் பட்டை இரும்புக்கடைக்குத்தான். மடிப்புக்கோட்டைத் தட்டி நிமிர்த்தினாலும் அந்த இடத்தில் இரும்பு களைத்துப்போயிருக்கும், கொஞ்ச நாளில் அங்கேயே விரிசல் விடும். இந்த ஷட்டரில் 6, 7 இரண்டுக்கும் கொக்கி விரிந்து மடிப்புக்கோடு விழுந்திருக்கிறது. 5, 8 இரண்டும் வயிறு மட்டும் உள்ளே போனவை. எனவே இரண்டு புதுப்பட்டை போதும். நான்கையும் மாற்றச் சொல்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது, நிமிர்த்தும் கூலியும் புதுப்பட்டை விலையும் சில சமயம் ஒன்றாகவே வந்துவிடும்.

அடுத்து சைடு சேனல், அதாவது பட்டைகளின் நுனி ஏறி இறங்கும் பக்கத்து இரும்புத் தடம். இடியில் பட்டை உள்ளே போகும்போது அதன் நுனி சேனலின் உதட்டை விரித்திருக்கும். பட்டையை மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் ஷட்டர் திரும்பவும் அதே இடத்தில் சிக்கும், பழி புதுப்பட்டை மேல் விழும். சேனலின் வாய் சுமார் 25 மி.மீ. இருக்கும். அடிபடாத இடத்தில் ஒரு மரத்துண்டை இறுக்கமாகப் பொருந்தும்படி சீவி, அதையே மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். ஆடுகிற இடம் விரிந்த இடம், நுழையாத இடம் அமுங்கிய இடம். விரிந்த இடத்தில் அந்த மரத்துண்டை உள்ளே வைத்து, வெளியே சி-கிளாம்ப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வாய் ஒழுங்காகும். சுத்தியலால் அடித்தால் உதடு அலை அலையாகிவிடும். பிறகு இரண்டு சேனலுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்தால் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

பட்டை வாங்கப் போகும்போது அளவை மட்டும் எழுதிக்கொண்டு போனால் வேலைக்காகாது. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடு மையம் சுமார் 75 மி.மீ. என்பது பொதுவானது. ஆனால் பட்டை உருட்டும் மெஷினின் உருளை ஆளுக்கு ஆள் மாறும், கொக்கியின் வளைவு அரை மி.மீ. மாறினாலே புதுசு பழசுக்குள் நுழையாது. வெட்டி எறியப்போகிற பட்டையிலிருந்து ஒரு சாண் துண்டு அறுத்து எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே புதுப்பட்டையின் கொக்கிக்குள் நுழைத்துப் பாருங்கள். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நுழைத்தபின் இரண்டு பக்கமும் கதவு மாதிரி மடங்க வேண்டும். தகட்டின் தடிமனையும் கேளுங்கள். 20 கேஜ் என்றால் 0.9 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. பதினொன்றரை அடி வரையுள்ள அகலத்துக்கு 0.9 போதும், அதற்கு மேல் 1.2 வேண்டும். 20 கேஜ் ஷட்டரில் 18 கேஜ் பட்டையைச் செருகினால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம், கொக்கி இறுகிக்கொள்ளும். நீளத்துக்கு வாசலை அளக்காதீர்கள். அடிபடாத ஒரு பட்டையையே அளந்து அதே அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். பட்டை இரண்டு பக்கமும் சேனலுக்குள் 40 மி.மீ.யாவது போய் நிற்க வேண்டும்.

கொக்கிக்குள் பெயிண்ட் அடிக்க முடிவது பட்டை தனியாக இருக்கும்போது மட்டும்தான், கோத்த பிறகு தூரிகை போகாது. அதனால் வாங்கி வந்த அன்றே மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமரை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக, கொக்கி உள்பக்கம் உட்பட அடித்துக் காயவையுங்கள். கட்டியாக அடித்தால் கோக்கும்போது பட்டை நகராது.

இனி ஆபத்தான இடம். கவருக்குள், ஷட்டர் சுற்றும் ஷாஃப்ட் பைப்பில் புல்லிகள் இருக்கும், ஒவ்வொரு புல்லிக்குள்ளும் ஒரு ஸ்பிரிங். ஷட்டர் கீழே இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். 10 அடிக்கு 8 அடி ஷட்டர் பாட்டம் பிளேட்டோடு (அடியில் உள்ள கனமான தகடு) சேர்த்து 80 கிலோவுக்கு மேலேயே வரும், அதை ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால் அந்த எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஷட்டர் முழுதாக இறங்கியிருக்கும்போது கீழ்ப் பட்டைகளைக் கழற்றிவிட்டால், எடை குறைந்த மறுகணம் மீதி ஷட்டர் சரசரவென்று மேலே சுருட்டிக்கொண்டு ஓடும். எதிரில் இருக்கும் விரல் தப்பாது. வீட்டில் செய்பவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். இன்னொன்றும் உண்டு: பிராக்கெட்டில் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் போல்டுகள். அவற்றைத் தளர்த்தினால் முறுக்கு முழுவதும் பைப் வழியே ஒரேயடியாக அவிழும், அதில் மாட்டியிருக்கும் பைப் ரெஞ்ச் பறந்து வந்து அடிக்கும். அந்த போல்டைத் தொடாமலே பட்டை மாற்றலாம். தொட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஷட்டர் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆகவே ஷட்டரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பாட்டம் பிளேட் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் நிற்கும்படி தூக்குங்கள். அப்போது 5 முதல் 8 வரையுள்ள பட்டைகள் தலைக்கு மேல், ஸ்டூல் போட்டால் எட்டும் உயரத்தில் வரும். ஸ்பிரிங்கின் முறுக்கும் பாதிக்குக் குறைந்திருக்கும். லிண்டலுக்கு (வாசல் மேல் உத்தரம்) சற்றே கீழே நிற்கிற பட்டையில், இரண்டு ஓரமும் ஒரு அடி தள்ளி, வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டும் குறடு) மாட்டுங்கள். ஷட்டர் மேலே ஓடப் பார்த்தால் அது லிண்டலின் அடியில் முட்டி நிற்கும். அது போதாது. 9-ஆம் பட்டையின் மேல் கொக்கியைக் கவ்வும்படி இரண்டு சி-கிளாம்ப் போட்டு, அவற்றிலிருந்து தடித்த நைலான் கயிற்றைத் தரையில் பதித்திருக்கும் பூட்டு வளையங்களுக்கு இழுத்துக் கட்டுங்கள். ஒன்று நழுவினால் மற்றது பிடிக்கும். பாட்டம் பிளேட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிரைண்டரை எடுக்க வேண்டாம், பட்டையின் வெட்டிய நுனி பிளேடு மாதிரி இருக்கும். உங்களைத் தவிர இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். மோட்டார் ஷட்டர் என்றால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், யாரும் ரிமோட்டை அமுக்கிவிடக்கூடாது.

பக்கவாட்டில் இடம் அதிகமுள்ள ஓரத்துச் சேனலைக் கழற்ற வேண்டும், ஏனெனில் 10 அடிப் பட்டை பக்கவாட்டிலிருந்துதான் நுழையும். சேனல் சுவரில் மூன்று நான்கு கிளீட்டில் (இரும்புப் பிடித்துண்டு) நிற்கும். சில இடத்தில் போல்டு, பல இடத்தில் வெல்டு. கழற்றுவதற்கு முன் சேனல் நிற்கும் இடத்தைச் சுவரில் மேலும் கீழும் கோடு போட்டு வையுங்கள். வெல்டை 4 இன்ச் கிரைண்டரால் அறுக்கும்போது கிளீட்டை மிச்சம் வைத்து அறுத்தால் திரும்ப ஒட்டுவது எளிது. பக்கச்சுவர் ஒட்டியே இருந்தால் கவலைப்பட வேண்டாம்: சேனல் போனபின் தொங்கும் பகுதியை வாசலுக்கு வெளியே சாய்வாக இழுத்துக்கொள்ளலாம், 0.9 மி.மீ. பட்டை மெதுவாக வில் மாதிரி வளைந்தும் கொடுக்கும்.

இப்போது கிளிப். ஒழுங்காகச் செய்த ஷட்டரில் ஒன்று விட்டு ஒரு பட்டையின் இரண்டு நுனியிலும் கிளிப் வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். பட்டைகள் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அதுதான். சேனல் கழற்றிய பக்கத்தில், எடுக்கப்போகும் பட்டைகளின் கிளிப்பையும் அவற்றுக்கு அடுத்த பட்டைகளின் கிளிப்பையும் எடுக்க வேண்டும். ரிவெட் தலையைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டுப் பின்னிலிருந்து ஊசியுளியால் தட்டினால் விழுந்துவிடும். விலை குறைந்த ஷட்டரில் கிளிப்பே இருக்காது, கொக்கியின் நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மூடியிருப்பார்கள். அதைத் திருப்புளியால் திறக்க வேண்டியதுதான். பட்டைகள் இடம் வலமாக நகர்ந்து சேனலில் உரசுகிற ஷட்டர்களில் பாதி இந்த வகை.

6-ஆம் பட்டை எப்படியும் குப்பைதான். அதை நடுவில் குறுக்காக அறுத்து, இரண்டு பாதியையும் இரண்டு பக்கமும் உருவிவிட்டால் கீழ்ப்பகுதி தனியாக வந்துவிடும். அறுப்பதற்கு முன் கீழே இரண்டு பேர் தாங்கலாக நிற்க வேண்டும், பாட்டம் பிளேட்டோடு அந்தத் துண்டு 25 கிலோவை ஒட்டி வரும். அதைத் தரையில் படுக்கவைத்து 5-ஆம் பட்டையை உருவுங்கள். மேலே தொங்கும் 7-ஐயும் அதேபோல அறுத்து எடுத்துவிட்டு 8-ஐ முழுதாக உருவுங்கள். கொக்கிக்குள் பழைய பெயிண்டும் துருவும் அடைத்திருந்தால் உருவ வராது. மண்ணெண்ணெயை ஓடவிட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள்.

5, 8 இரண்டையும் நிமிர்த்தப் புளியங்கட்டையும் கொட்டாப்புளியும் போதும். பட்டையின் வளைவுக்குள் பொருந்துகிற ஒரு பைப் துண்டை அடியில் வைத்து, நெளிவின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன அடியாகக் கொண்டுவர வேண்டும். நடுவில் ஓங்கி ஒரு அடி அடித்தால் தகடு விரிந்து வயிறு தள்ளும், பிறகு அது எந்தப் பக்கமும் நிற்காது, அமுக்கினால் டப் டப் என்று உள்ளே வெளியே போய் வரும். அறுத்த பட்டையில் நல்லபடியாக இருக்கும் இரண்டு அடித் துண்டை மேலே கவிழ்த்து வைத்து அடித்தால் வடிவம் தானாகவே பழையபடி வரும். கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடைக்குக் கொண்டுபோன அந்தச் சாண் துண்டையே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொக்கிக்குள் ஓட்டிப் பாருங்கள். சிக்குகிற இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

கோப்பது தலைகீழ் வரிசை. முதலில் 8, அதன் கீழ் புது 7. தரையில் கிடக்கும் பகுதியில் 5. பட்டையின் முகம் வெளிப்பக்கம் பார்க்கிறதா, கொக்கி பழைய பட்டை நின்ற வாக்கிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டும். தலைகீழாகக் கோத்தால் மழைத் தண்ணீர் கொக்கிக்குள் இறங்கித் தேங்கும். கடைசியாகக் கீழ்ப்பகுதியைத் தூக்கி முட்டுக்கட்டை மேல் நிறுத்தி, ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, 5-க்கும் 7-க்கும் நடுவே 6-ஐப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மேல் கீழ் இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் ஓடுவதால் கஷ்டமான இடம் இதுதான். கொக்கியில் கட்டிச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, நுனியில் மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். பாதியில் நின்றால் அடியைக் கூட்டாதீர்கள். ஆப்பை ஒரு நூல் (எட்டில் ஒரு இன்ச்) ஏற்றி இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் கீழ்ப்பகுதி ஒரு பக்கம் தொங்கியிருக்கும்.

எல்லாப் பட்டையின் நுனியையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து கிளிப்பை மாட்டி ரிவெட் அடியுங்கள். இரும்பு ரிவெட்தான் வேண்டும். கையால் அமுக்கும் துப்பாக்கியில் போடும் அலுமினிய ரிவெட் சீக்கிரமே அறுந்து, கிளிப் சேனலுக்குள் விழுந்து ஷட்டரைப் பூட்டிவிடும். பிறகு சேனலைக் கோட்டில் நிறுத்தி, முதலில் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். பாட்டம் பிளேட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, முட்டு, கயிறு, கிளாம்ப் என்ற வரிசையில் எடுத்துவிட்டு ஷட்டரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். உரசல் இல்லையென்றால் முழு வெல்டு. பாதி உயரத்தில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மேலே ஓடினால் முறுக்கு அதிகம். இரண்டுமே ஷட்டர் ஆளின் வேலை. பெயிண்ட் அடித்தபின் ஒரு நாள் முழுக்க இறக்கியே விடுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பட்டை கெடுவதற்கு இங்கே கார் மட்டும் காரணமில்லை. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் அகலமான ஷட்டர் வயிறு தள்ளி, நுனி சேனலை விட்டு வெளியே வந்துவிடும். அப்படி வந்ததைப் பட்டையை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது. பதினொன்றரை அடிக்கு மேல் அகலம் என்றால் 65 மி.மீ. ஆழச் சேனலுக்குப் பதில் 75 மி.மீ. வேண்டும், கிளிப்பும் விடுபடாமல் இருக்க வேண்டும். உவரி, இடிந்தகரைக் கரையோரத்தில் உப்புக்காற்று கொக்கியின் உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே பட்டை பிரியும். அங்கே கால்வனைஸ்டு பட்டைதான் சரி, வெட்டிய நுனிகளில் ஜிங்க் பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணல் இன்னொரு சத்துரு. சேனலில் கிரீஸ் தடவினாலும், வொர்க்‌ஷாப் கழிவு ஆயிலை ஊற்றினாலும், மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பட்டை நுனியைத் தேய்க்கும். சேனலை உலர்ந்த துணியால் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் தாமிரபரணி வெள்ளத்தில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் தண்ணீரில் நின்ற ஷட்டர்களில் கீழ்ப் பட்டைகளின் கொக்கிக்குள் வண்டல் இறுகியிருக்கும். இன்னும் கழுவாதது இருந்தால் பிரஷர் தண்ணீரால் உள்பக்கமிருந்து அடித்துக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுவதை யோசிக்க வேண்டும்.

ஆள் வைத்துச் செய்வதென்றால் கேட்க வேண்டியவை: பட்டை என்ன கேஜ், கிளிப்பும் ரிவெட்டும் கூலியில் சேருமா, சேனலைத் திரும்ப வைக்கும் வெல்டிங் யார் பொறுப்பு, பழைய இரும்பு யாருக்கு. பத்து பட்டைக்கு மேல் போயிருந்தாலோ, ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினாலோ வீட்டில் முயல வேண்டாம்.

பேனல் கதவு வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அதன் பேனலுக்குள் ஃபோம் நிரப்பியிருப்பதால் தட்டி நிமிர்த்த முடியாது. தட்டினால் தகடு ஃபோமை விட்டுப் பிரியும். கீறல், சின்னப் பள்ளம் என்றால் கார் பாடி புட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். பேனல் மடிந்திருந்தால் அதே கம்பெனியின் அதே மாடல் பேனல்தான் பொருந்தும். கீல் திருகுகளை இறுக்குவதும் உருளைக்கு எண்ணெய் விடுவதும் நீங்கள் செய்யலாம். கீழ்க் கடைசி பேனலின் மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டையும் மேலே உள்ள டார்ஷன் ஸ்பிரிங்கையும் (முறுக்கு ஸ்பிரிங்) தொடக்கூடாது, இரண்டும் எப்போதும் இழுவிசையில் இருப்பவை.

பட்டை வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கிப் பிரைமர் அடித்துப் பரணில் போட்டுவையுங்கள், அடுத்த முறை போகும்போது அந்தக் கடையில் அதே உருளை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.